மூன்று வீதமும் முன்வாசற் படியும்

(வலிகாமத்துக் கிராமமொன்றில் கமக்காரர் அமைப்பும் சனசமூக நிலையமும் இணைந்து கூட்டிய பொதுக்கூட்டத்திலே நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உரிமையைப் பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்திருக்கிறீர்கள். உரிமை என்றவுடன் எம்போன்ற அரசியற்காரர் கொழும்பை நோக்கிக் கைநீட்டுவதே வழக்கம். இன்று அந்தக் கையைச் சிறிது மடக்கிக்கொண்டு பேச எண்ணுகிறோம். உடற்குறையோடு வாழும் எமது இளைஞரின் தொழில் பற்றியே பேசப்போகிறோம். இவ்விடயத்திலே குற்றவாளிக் கூண்டில் அரசாங்கம் தனியே நிற்கவில்லை. நீங்களும் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் நாம் நிற்கிறோம்.

2019ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே வன்னிக் கமக்காரர் ஒருவர் தம் மகனோடு எமது கந்தோருக்கு வந்தார். மகனுக்கு வயது இருபது. 2009இல், பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, எறிகணை வீச்சிலே வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பொய்க்காலோடு சைக்கிள் மிதித்துப் பாடசாலை சென்று, உயர்தர வர்த்தகப் பிரிவிலே நல்ல பெறுபேறு பெற்றவர். கணக்கெழுதும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தார்; நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. தேர்வு நடத்தியவர் சான்றிதழ்க் கோவையைத் திறக்கவேயில்லை. “கணக்குப் பகுதி மேல்மாடியில் இருக்குது. தம்பி படி ஏறுவீரோ?” என்று ஒரேயொரு கேள்வி கேட்டாராம். அத்தேர்வு நடந்த இடமும் அதே மேல்மாடிதான்!

நாம் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தோம். சட்டம் எமக்குத் தெரியும். வழக்குத் தொடர வழியுண்டு என்பதும் தெரியும். ஆயினும் நாம் கூறியது யாது? வழக்கென்றால் ஆண்டுக் கணக்காகும் என்றோம். சுயதொழில் உதவிக்கு எழுதிப் போட்டால் கோழிக்கூடும் குஞ்சுகளும் கிடைக்கக்கூடும் என்றோம். விண்ணப்பத்தைக் காசு வாங்காமல் எழுதித் தருவதாகவும் சொன்னோம். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எமக்கு நினைப்பு. மகன் தலைகுனிந்து இருந்தார். தந்தையார் எழுந்தார். “ஐயா, கோழி வளர்க்க எனக்குத் தெரியும். இவனை நான் படிப்பிச்சது கணக்கெழுத” என்றார். மகனையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இளைஞர் இப்பொழுது ஒரு வணிக நிலையத்தில் இரவுக் காவல் இருக்கிறார் என்று அறிகிறோம். பகலிலே அங்கே கணக்கெழுதுபவர் வேறொருவர். காவல் வேலை இழிவானது என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய படிப்புக்கு உரிய வேலை அந்தக் கட்டடத்திலேயே இருக்க, அவருக்கு வாயிற் கதிரை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே சொல்கிறோம். அக்கதிரையை அவருக்குக் கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர்.

சட்டம் கூறுவதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சட்டத்தரணியை மேடைக்கு அழைத்தவர்களுக்கு இத்துன்பம் தவிர்க்க முடியாதது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே பன்னிரண்டாம் உறுப்புரை சமத்துவம் பற்றியது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் முதலான காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று அது விதிக்கிறது. அந்த நிரலிலே உடற்குறை என்ற சொல் இல்லை. ஆயின் அதே உறுப்புரையின் நான்காம் பந்தியைப் படியுங்கள். பெண்கள், பிள்ளைகள், இயலாமையுடையோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சட்டத்தாலோ நிருவாக நடவடிக்கையாலோ விசேட ஏற்பாடு செய்வதை இவ்வுறுப்புரை தடுக்காது என்று இருக்கிறது. ஆகவே இவர்களுக்கென ஓர் இடத்தை ஒதுக்கினால், ‘அது மற்றவர்களுக்கு அநீதி’ என்று எவரும் நீதிமன்றம் போய் வெல்லுதல் அரிது. கதவைத் திறப்பதற்கு அரசாங்கத்துக்கு எந்தத் தடையும் இல்லை. திறந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயந்தான் அங்கே எழுதப்படவில்லை.

அரச நிருவாகம் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்நீதிமன்றம் கொழும்பிலே இருக்கிறது. காலக்கெடு ஒரே மாதம். வன்னிக் கமக்காரர் ஒருவர் நடந்தது அநீதி என்று உணர்ந்து, ஊராரிடம் விசாரித்து, பேருந்துக்குக் காசு சேர்த்து, எம்போன்ற ஒருவரைத் தேடி வருவதற்குள் அந்த மாதம் கழிந்துவிடும். தனியார் கடைக்காரர் செய்த பாரபட்சத்துக்கு அந்த வழியும் கிடையாது.

ஆயினும் இன்னொரு சட்டம் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு, உடற்குறை காரணமாக எந்த வேலைக்கும் ஆட்சேர்ப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. ‘எந்த வேலைக்கும்’ என்றே இருக்கிறது. அரச வேலை என்று மட்டுப்படுத்தப்படவில்லை. அடுத்த பிரிவின்படி பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அந்நீதிமன்றம் கொழும்பிலே அன்று, யாழ்ப்பாண நகரிலேயே இருக்கிறது. எமது கந்தோரிலிருந்து நடந்து போகும் தூரம். நாம் சட்டத்தரணித் தொழிலுக்கு வந்து இருபதாண்டுகளாகின்றன. இந்தப் பிரிவின்கீழ் நாம் தாக்கல் செய்த மனுக்கள் எத்தனை என்று கேட்கிறீர்களா? ஒன்றேனும் இல்லை. எல்லை வழக்கும் காணி வழக்கும் காசோலை வழக்கும் பேசினோம். கணக்கெழுதப் படித்த பிள்ளைக்குக் கோழிக்கூடு சிபாரிசு செய்தோம்.

அச்சட்டமும் குறையற்றதன்று. வேலைக்குச் சேர்க்கும்போது பாரபட்சம் கூடாது என்று சொல்லும் அது, சேர்ந்த பின்னர் பதவி உயர்விலே பாரபட்சம் காட்டினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்தை அவருக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் கடமையைத் தொழில் கொடுப்பவர்மேல் தெளிவாகச் சுமத்தவுமில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய சமவாயம் அக்கடமையைத் தெளிவாகச் சொல்கிறது. அதன் 27ஆம் உறுப்புரை முழுவதும் தொழிலைப் பற்றியது. இலங்கை அதை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் எமது நாட்டு முறைப்படி, வெளிநாட்டிலே ஒப்பமிட்ட உடன்படிக்கை, பாராளுமன்றம் சட்டமாக்கினால் அன்றி நீதிமன்றத்திலே நேரடியாக வழக்காடும் உரிமையைத் தராது.

நண்பர்களே, தொழிலைப் பறிப்பதற்கு ஒரு காரணம் போதும் என்பதைத் தமிழ்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் மொழிச்சட்டத்தின் பின்னர், தம் கடமையைக் குறைவறச் செய்துகொண்டிருந்த எழுதுவினைஞரும் ஒரு மொழி தெரியாத காரணத்தால் தகுதியற்றவராக்கப்பட்டனர். கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்குச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளம் கேட்டு வழக்காட முடியாது என்று அதை மாற்றியது. 1969இல் இங்கிலாந்தின் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்று கூறியது. ஒரு சம்பள ஏற்றத்துக்காக இத்தனை படிகள்! அவ்வழக்கை நாம் பெருமையோடு மேடைதோறும் சொல்கிறோம். அவர் செய்யும் வேலையை எவரும் குறை கூறவில்லை, வேலைக்குப் புறம்பான ஒன்றையே காரணமாக்கினார்கள் என்று வாதிடுகிறோம். அதே வாதத்தை எமது சங்கக்கடையின் வாசலிலே, எமது கோயிற் கந்தோரிலே, கால் இழந்த பிள்ளையொன்று எம்மைப் பார்த்துச் சொன்னால் நாம் கூறும் விடை என்ன?

இனி மூன்று வீதத்துக்கு வருவோம். பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988ஆம் ஆண்டு அரசாங்க நிருவாகச் சுற்றுநிருபம் 27/88 வெளியிடப்பட்டது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தை உடற்குறையுள்ளவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல காரியந்தான். ஆனால் கணக்குப் பார்க்கத் தெரிந்த கமக்காரர்கள் இங்கே இருக்கிறீர்கள், நீங்களே பாருங்கள். நூறு வெற்றிடத்துக்கு மூன்று இடம். பத்து வெற்றிடத்துக்கு? பத்தில் மூன்று பங்கு மனிதன்! ஒரு பிரதேச சபை ஐந்து பேரைச் சேர்க்கிறது, அடுத்த ஆண்டு நான்கு பேரைச் சேர்க்கிறது. அவ்வப்போதைய வெற்றிடத்தைத் தனித்தனியே கணக்கிட்டால் ஒரு முழு மனிதன் அங்கே ஒருநாளும் தேறமாட்டான். முப்பத்து நான்கு பேரை ஒரே தடவையில் சேர்க்கும் சபை எமது மாகாணத்திலே எத்தனை? அன்றியும் அது சட்டமன்று, சுற்றுநிருபம். அதைப் பின்பற்றாத அதிகாரிக்கு அதிலே தண்டனை கூறப்படவில்லை.

இந்தியாவிலே இந்தக் கணக்கை நீதிமன்றத்திலே தீர்த்துக்கொண்டார்கள். பார்வையற்றோர் சம்மேளனம் தொடுத்த வழக்கிலே 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டைக் கணக்கிடும் முறையை விளக்கியது. பொருத்தமானவை என்று அடையாளங் காணப்பட்ட சில பதவிகளை மட்டும் வைத்துக் கணக்கிடலாகாது. மொத்த வெற்றிடங்களை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கீடு 4 வீதமாயிற்று. ஓராண்டில் நிரப்பப்படாத இடம் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. எமக்கும் வேண்டியது அதுதான். மூன்று என்பதை ஐந்தாக்குமாறு கோருவதற்கு முன்னால், பின்னங்களைச் சேர்த்து வைத்து ஒரு முழு மனிதனாக்கும் விதியைக் கோரவேண்டும்.

சுற்றுநிருபத்திலே இன்னொரு சொற்றொடர் இருக்கிறது. எம் அனுபவத்திலே முழு ஏற்பாட்டையும் விழுங்கிவிடுவது அதுவே. தகைமை உடையவராக இருக்கவேண்டும். அவரது இயலாமை கடமையைச் செய்வதற்குத் தடையாக இருக்கலாகாது என்பது நிபந்தனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயின் தடை என்று தீர்மானிப்பவர் யார்? சேர்க்க விரும்பாதவரே தீர்மானிக்கிறார். எப்பொழுது தீர்மானிக்கிறார்? அந்த இளைஞர் ஒருநாளேனும் அவ்வேலையைச் செய்து பார்ப்பதற்கு முன்னரே தீர்மானிக்கிறார். தடை காலிலே இருக்கிறதா, படியிலே இருக்கிறதா என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. கணக்குப் புத்தகத்தைக் கீழ்மாடிக்குக் கொண்டுவந்தால் அத்தடை எங்கே போயிற்று? மத்தியப் பிரதேச விதியொன்று பார்வையற்றோர் நீதிபதிப் பதவிக்கு வருவதைத் தடுத்திருந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது; பார்வைக் குறை ஒன்றையே காரணங்காட்டி எவரையும் நீதித்துறைப் பதவிக்கு உரியரல்லர் என்று ஒதுக்கலாகாது என்று தீர்த்தது. நீதிபதியின் ஆசனத்துக்கே அது தடையன்று எனின், சங்கக்கடைக் கணக்குப் புத்தகத்துக்குத் தடையாகுமோ?

சட்டம் வலுவாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்திலே 1944இல் இதே மூன்று வீதத்தைச் சட்டமாகவே செய்தார்கள். இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எவ்விடத்திலும் மூன்று வீதத்தினர் உடற்குறையுள்ளவராக இருக்கவேண்டும் என்றார்கள். ஐம்பது ஆண்டுகள் அச்சட்டம் இருந்தது. அதை மீறியதற்காகத் தொடரப்பட்ட வழக்குகளை விரல்விட்டு எண்ணலாம். அச்சட்டத்தின்கீழ் இரண்டு வேலைகளை இவர்களுக்கென்றே முழுமையாக ஒதுக்கினார்கள். எவை தெரியுமா? மின்தூக்கி இயக்குபவர் வேலையும் கார் நிறுத்துமிடக் காவலர் வேலையும்! யுத்தத்திலே கைகால் இழந்த தம் வீரர்களுக்கு ஒரு வல்லரசு கண்டெடுத்த உத்தியோகம் அது. எமது இளைஞரின் இரவுக் காவற் கதிரை எமக்கு நினைவுக்கு வந்தது. ஜெர்மனியிலே, இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் 5 வீதம் என்றும், அதை நிரப்பாதவர் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பணம் செலுத்தவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். அது சற்றே பலனளிக்கும் முறை. ஆனால் அங்கேயும், ஆளைச் சேர்ப்பதைவிடப் பணத்தைக் கட்டிவிட்டு இருப்போம் என்று எண்ணும் முதலாளிமார் உண்டு.

சட்டத்துக்கும் வேலைக்கும் இடையிலே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்புவதற்கு ஒரு மனிதர் வேண்டும். இதைச் சொல்லவே நாம் இன்று இங்கே வந்தோம்.

எமது நாட்டிலே இதுவரை பெரும்பாலும் நடந்தது இதுதான்: உடற்குறையுள்ள பிள்ளையை ஒரு நிலையத்துக்கு அனுப்பி ஒரு தொழிலைப் பழக்குவது, பழகி முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவது. தும்புத்தடி கட்டவும், பிரம்புக் கதிரை பின்னவும், மெழுகுதிரி வார்க்கவும் பழக்கினார்கள். பழக்கியவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறை கூறோம். கைதடியிலே செவிப்புலனும் கட்புலனும் குறைந்த பிள்ளைகளுக்கென நஃபீல்ட் பாடசாலை நடைபெறாவிடில், அப்பிள்ளைகளில் எத்தனை பேர் எழுத்தறிவே இன்றி மூலையில் இருந்திருப்பர்! 1980களின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர்க் கால் பொருத்தும் பணி நடைபெறாவிடில் எத்தனை பேர் தவழ்ந்திருப்பர்! கால் கிடைத்தது, எழுத்தும் கிடைத்தது. அதற்கப்பால் வேலைவரை கூட்டிச்செல்ல எவரும் இல்லை. பழகிய தும்புத்தடி வேலைக்கோ சந்தையிலே இடமில்லை. பிளாஸ்டிக் தும்புத்தடி வந்துவிட்டது.

1970களிலே அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற கல்வியாளர் ஒரு பரிசோதனை செய்தார். அறிவு வளர்ச்சி மிகக் குறைந்தவர்கள், எதையும் பழக்க முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை அவர் எடுத்துக்கொண்டார். சைக்கிளின் பின்சக்கரக் குடத்துக்குள்ளே அமையும் பிரேக்கைப் பூட்டுவதற்குப் பழக்கினார். சைக்கிள் கழற்றிப் பூட்டியவர்களுக்குத் தெரியும், அது எத்தனை சிறு உறுப்புகளால் ஆனது என்று. அவர் உறுப்புகளை வரிசையாகத் தட்டுகளிலே வைத்தார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்தார். அதிகம் பேசவில்லை, கையைக் கொண்டு காட்டினார். ஒரு வழியிலே வராவிட்டால் இன்னொரு வழியை முயன்றார். அவர்கள் பூட்டினார்கள். பழகுபவரால் முடியவில்லை எனின் பழக்குபவர் வேறு வழி தேடவேண்டும் என்பதே அவர் கண்ட முறை.

அதன் பின்னர் 1980களில் ஒழுங்கையே திருப்பிப் போட்டார்கள். முதலிற் பழக்கிப் பின்னர் வேலை தேடுவதை விடுத்து, முதலில் உண்மையான வேலையிலே உண்மையான சம்பளத்துக்கு அமர்த்தி, அமர்த்திய இடத்திலேயே பழக்கினார்கள். அதற்கென ஒரு துணைவர் கூடப் போவார். முதற் கிழமை அருகிலே நிற்பார். பேருந்திலே ஏறி இறங்கப் பழக்குவார். மேற்பார்வையாளரோடு பேசுவார். மூன்றாம் நான்காம் கிழமையில் தூரத்திலே நிற்பார். பின்னர் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். 1986இல் அந்நாட்டுச் சட்டத்திலும் இம்முறை இடம்பெற்றது. இதற்குப் பெருங்கட்டடம் வேண்டியதில்லை. பொறுமையுள்ள ஒருவரும், அவருக்கு ஒரு சைக்கிளும், மாதச் சம்பளமும் போதும்.

எமது ஊரிலே இது நடக்குமா? இங்கிருக்கும் கமக்காரர்களைக் கேட்கிறோம். விதைவெங்காயம் தரம் பிரிப்பதற்கு நீங்கள் ஆளின்றித் தவிக்கிறீர்கள். புத்தி மெதுவாக வளர்ந்த பிள்ளையொன்றுக்கு அதைப் பழக்கமுடியாது என்று எவர் சொன்னது? பெரியது ஒரு கடகம், சிறியது ஒரு கடகம், அழுகல் ஒரு கடகம். கடகத்தின் வாயிலே அளவுக்கு ஒரு வளையம் கட்டிவிட்டால், கண்ணால் மதிப்பிட வேண்டிய வேலையும் இல்லை. காது கேளாத இளைஞருக்கு நீர் இறைக்கும் இயந்திரத்தைக் காவல் வைக்க அஞ்சுகிறீர்கள், அது நின்றால் அவருக்குக் கேட்காதே என்று. வாய்க்காலிலே நீர் நின்றால் கண்ணுக்குத் தெரியாதா? உண்மையைச் சொன்னால், சத்தத்தை நம்பி வரம்பிலே படுத்துறங்குபவரைவிட அவர் விழிப்பாகவே இருப்பார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அரைக்கூலி கூடாது. ‘பாவம், வீட்டில் சும்மா இருந்தவன்தானே, கொடுத்ததை வாங்கட்டும்’ என்ற பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். முழுவேலை செய்பவருக்கு முழுக்கூலி. விபத்து நேர்ந்தால் நட்டஈடு கொடுக்கவேண்டி வருமே என்றும் சிலர் தயங்குகிறார்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் எல்லா வேலையாட்களுக்கும் உரியது. உடற்குறையுள்ளவரை வைத்திருப்பதனால் உங்கள்மேல் அது தனிப் பாரம் எதையும் ஏற்றவில்லை.

உத்தியோகத்தர்களுக்கும் ஒரு சொல். கட்புலனற்றவர் கணினியிலே என்ன செய்வார் என்று எம்மை ஒரு நண்பர் கேட்டார். அவர் படித்தவர், ஆதலால் கேள்வி இன்னும் வியப்பளித்தது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியாவிலே பார்வையற்ற இளைஞர் இருவர் தொடங்கினார்கள். அதற்கு விலை இல்லை. தமிழும் வாசிக்கும். குரல் இனிமையானது என்று சொல்லமாட்டோம்; நீதிமன்றத்திலே அதைவிடக் கரகரத்த குரல்களைக் கேட்டிருக்கிறோம். பட்டம் பெற்ற பார்வையற்றோர் எமது பாடசாலைகளிலே கற்பிக்கிறார்கள். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் சட்டத்தரணியின் கந்தோரிலும் அவர்களுக்கு ஏன் இடமில்லை?

இன்னொரு குரலும் இக்கூட்டத்திலே இருக்கிறது. அதை மறைக்க வேண்டாம். ‘கைகால் உள்ள பட்டதாரிகளே வேலையின்றித் தெருவில் நிற்கிறார்கள், இவர்களுக்கு எங்கே போவது?’ என்ற குரல். அது கொடிய குரலன்று, களைத்துப்போன குரல். ஆனால் வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காகச் சிலரை வரிசையிலிருந்தே நீக்கிவிடலாமா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, இந்நாட்டிலே ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறு செயல்களிலோ ஏதோவோர் அளவு இடர்ப்படுகிறவர்கள். அவர்களிலே முதியோர் பலர். இளைஞரை மட்டும் எண்ணினாலும் அது சிறு கூட்டமன்று. அவர்கள் கேட்பது நூற்றில் மூன்று. எஞ்சிய தொண்ணூற்றேழும் மற்றவர்களுக்குத்தானே இருக்கிறது?

பெற்றோரைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். அவர்கள் படும் பாட்டை நாம் பட்டதில்லை. ஆயினும் பெண்பிள்ளைகளை நினைக்கும்போது பேசாதிருக்க முடியவில்லை. கால் ஊனமான மகனையேனும் சந்திக்கு அனுப்புகிறார்கள். மகளாக இருந்தால் படலை தாண்ட விடுவதில்லை. கலியாண வீட்டுக்குக்கூட அழைத்துப் போவதில்லை. தாய்மார்களே, உங்களுக்குப் பின் அந்தப் பெண் எவரை நம்பி இருப்பாள் என்று எண்ணி நீங்கள் இரவிலே உறங்காதிருக்கிறீர்கள் என்பது எமக்குத் தெரியும். அவள் கையிலே ஒரு சம்பளம் இருக்குமானால் அந்தக் கேள்வியின் பாரம் பாதியாகக் குறையும்.

ஆகவே நாம் இச்சபையின் முன் வைப்பது இதுவே. மாகாணத்திலும் மத்தியிலும் ஆட்சி செய்வோரிடம், சுற்றுநிருபத்தைச் சட்டமாக்குமாறும், பின்னங்களைச் சேர்த்துக் கணக்கிடுமாறும், ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் அந்தத் துணைவர் ஒருவரை நியமிக்குமாறும் கேட்போம். பதில் வரும்வரை கைகட்டி இருக்கமாட்டோம். இவ்வூரின் கூட்டுறவுச் சங்கம், கோயிற் பரிபாலன சபை, கமக்காரர் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு துணைவரின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்கவேண்டும். திருவிழாவிலே ஓர் இரவின் மின்விளக்கையும் வாணவேடிக்கையையும் குறைத்தால் அதில் ஒரு பங்கு கிடைக்கும் என்று தர்மகர்த்தா ஒருவரே எம்மிடம் சொன்னார். பெயரைச் சொன்னால் அவருக்கு அடுத்த ஆண்டு அப்பதவி கிடைக்காது.

23ஆம் பிரிவின்கீழ் வரும் மனுக்களுக்கு எமது கந்தோரிலே இனிக் கட்டணம் இல்லை. இதைப் பத்திரிகையிலும் போடச் சொல்லியிருக்கிறோம், பின்னர் மறுக்க முடியாதிருக்கட்டும் என்று.

எமது கந்தோர் வாசலிலே மூன்று படிகள் இருந்தன. 2019இல் அந்த இளைஞர் அவற்றிலே ஏறித்தான் வந்தார். இறங்கும்போது தந்தையாரின் தோளைப் பிடித்தார். அன்று அது எம் கண்ணிலே பட்டது, மனத்திலே படவில்லை. சென்ற மாதம் மேசனாரை அழைத்துச் சாய்தளம் கட்டுவித்தோம். இரண்டு நாள் வேலை. கந்தோரிலே கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது. அந்த இளைஞருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தந்தையாருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினோம்; அதை எழுதுவதற்கே நெடுநேரம் எடுத்தது. இதுவரை பதில் இல்லை.

கூட்டம் முடிந்ததும் வாயிலருகே ஆசிரியர் ஒருவர் ஒரு கொப்பியோடு அமர்ந்திருப்பார். வீட்டிலே இத்தகைய பிள்ளையுள்ளவர்கள் அவரிடம் பதிந்துகொள்ளலாம். பிள்ளை செய்யத் தெரிந்த வேலை, செய்ய விரும்பும் வேலை, அதற்கு வேண்டிய உதவி ஆகியவற்றையே அவர் கேட்பார். வேலை கொடுக்கக்கூடியவர்களுக்குக் கொப்பியின் பின்பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் தொடங்குமுன் விதைவெங்காயக் களஞ்சியத்துக்கு ஆள் வேண்டுமென்று எம்மிடம் சொன்ன இருவரும் தயவுசெய்து பதியாமற் போய்விட வேண்டாம்.